அத்தான் மறந்த ஸ்விட்ச்

ஒரு ஸ்விட்சைத் தட்ட மறந்து என் அக்காவைச் சாகவிட்ட மனிதர் என்று நாலு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொன்னது என் அத்தானைப் பற்றி, அக்காவின் கணவரைப் பற்றி. எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கார்களுக்கு வயரிங் பார்க்கிறவன் நான். கையைச் சுட்டுக்கொண்டாலும் ஈயம் பற்றவைக்கிற கம்பியைத்தான் திட்டுவேனே தவிர, என்னைத் திட்டிக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

அவர்களுடையது ஒரு பழைய வெள்ளைக் கார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன் இருக்கும். எஞ்சின் சூடேறினால் ஒரு சென்சார் அதைத் தெரிந்துகொண்டு ஃபேனைத் தானாகச் சுற்றவைக்கும். போன வருடம் அந்தச் சென்சார் செத்துப்போனது. புதிது வர இரண்டு நாளாகும், அதுவரை வண்டியை எடுக்காதே என்று அக்காவிடம் சொன்னேன். கேட்கிற ஜென்மமா அவள்? நாளைக்கே வேலைக்குப் போக வண்டி வேண்டும், உன் வித்தையெல்லாம் எதற்கு இருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டு வாசலிலேயே பேனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து, நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஃபேனுக்குக் கொடுத்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டினால் ஸ்விட்சைப் போட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேர வேலை.

ஸ்விட்சை ஸ்டியரிங் பக்கம் வைக்கப் போனேன். அக்கா டீயும் கையுமாக வந்து தடுத்தாள்.

"அவர் பக்கம் வைக்காதே. அவர் ரோட்டைப் பாக்குறதே பெரிய விஷயம். என் பக்கம் வை, முள்ளை நான் பாத்துக்கறேன்."

அத்தான் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களோடு பழகிப் பழகி, எதையும் உடைந்துவிடுமோ என்று தொடுகிற மனிதர் அவர். நடப்பதும் அப்படி, பேசுவதும் அப்படி. அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஒரு ஹெட்லைட்டை மாற்றிவிடுவேன் என்று கேலி செய்வேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார்.

இரண்டு நாளில் சென்சார் வந்தது. என் கடை அலமாரியில் எட்டு மாதம் கிடந்தது. எனக்கு நேரமில்லை, அக்காவுக்கு அவசரமில்லை. "நல்லாத்தானே ஓடுது, விடேன்" என்பாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே ஸ்விட்சைத் தட்டுவது அவளுக்கு ஒரு பெருமை. நான் இல்லாவிட்டால் இந்த வண்டி ஓடாது என்று அத்தானைச் சீண்டுவாளாம்.

ஒரு மத்தியானம் அவளுக்கு நெஞ்சு வலித்தது. அத்தான் அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கொளுத்துகிற வெயில், நகராத நெரிசல். பாதி வழியில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இன்னொரு வண்டி கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அரை மணி நேரம் என் தலையில் ஆணி மாதிரி இறங்கியது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து அத்தானிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஃபேன் போட்டீர்களா? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மறந்துட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுதக் கூசுகிறது. அன்றுவரை அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று 'நீ' என்றேன், 'யோவ்' என்றேன். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் முன்னால், கையை நீட்டினால் எட்டுகிற ஸ்விட்சைப் போடத் துப்பில்லாதவனுக்குப் பெண்டாட்டி ஒரு கேடா என்று கேட்டேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள். கையைத் தட்டிவிட்டு மறுபடியும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். அதுவே எனக்கு இன்னும் எரிந்தது. அந்த நாலு மாதத்தில் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். திருப்பாத நாளில் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டுப் போவேன்.

அம்மாவுக்குக் கண்ணில் அறுவை செய்திருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை காட்ட வேண்டும், பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை. அக்காவின் கார் சும்மாதானே கிடக்கிறது, சரிபண்ணிக் கொண்டுவா என்றாள். அத்தானிடம் அம்மாவே போனில் கேட்டாள். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற மனிதர் அதற்கு மட்டும் முடியாது என்றிருக்கிறார். பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா ஆசையாக வைத்திருந்த வண்டியை இரும்புக்குப் போட இவர் யார்? அக்கா கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவி அம்மாவின் அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார். உள்ளே இஸ்திரிப் பெட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. தார்ப்பாயை உருவிவிட்டு அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். சென்சாரைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். முதலில் இந்தப் பாழாய்ப்போன ஸ்விட்சைக் கழற்றி எறிய வேண்டும்.

ஸ்விட்ச் போட்ட நிலையில் இருந்தது.

யாரோ அப்புறம் தட்டியிருப்பார்கள் என்று நினைத்து அணைக்கப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்விட்ச் பதித்திருந்த பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஸ்விட்சின் பிளாஸ்டிக் உருகி வழிந்து உறைந்திருந்தது. என் சிவப்பு வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகிக் கட்டையாகிக் கிடந்தது. இன்னும் அந்த வாடை இருந்தது.

என் தொழிலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஃபேன் இழுக்கிற மின்சாரம் பெரிது, அதை ஒரு சின்ன ஸ்விட்ச் தாங்காது. நடுவில் ரிலே என்று ஒரு தீப்பெட்டி அளவுச் சாமான் போட வேண்டும். சுமையை அது தாங்கிக்கொள்ளும். ஸ்விட்ச் அதை எழுப்பிவிட்டால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பையில் ரிலே இல்லை, கடைகளும் மூடியிருந்தன. இரண்டு நாளைக்குத்தானே என்று நேராகக் கொடுத்துவிட்டேன். வேறு எவனாவது இப்படிச் செய்து என் கடைக்கு வண்டி வந்தால், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவன் நான். இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அத்தான் வெறுங்காலோடு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "தொடாதே, விட்டுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அத்தான், ஸ்விட்ச் போட்டுத்தான் இருக்கு."

"தெரியும்" என்றார்.

கார் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னார். நெரிசலில் நின்றபோது அக்காவேதான் முள்ளைக் கவனித்திருக்கிறாள். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியிருக்கிறது. பிறகு கருகல் வாடை. ஸ்விட்சைத் தொட்டவள் சுட்டதும் கையை இழுத்துக்கொண்டாளாம். ஃபேன் நின்றது, ஆவி கிளம்பியது. ஒரு மெத்தைக் கடை வாசல் நிழலில் அவளை உட்காரவைத்து இவர் வருகிற வண்டிகளையெல்லாம் கைகாட்டி மறித்துக்கொண்டிருந்தபோது, சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"தம்பி போட்ட வயர் கருகிடுச்சு, அவன்கிட்ட சொல்லிடாதீங்கன்னா. அவன் தாங்கமாட்டான், அப்புறம் எந்த வேலையிலயும் கைவைக்க மாட்டான். கேட்டா நீங்க மறந்துட்டதா சொல்லுங்கன்னா. முதல்ல சரின்னு சொல்லுங்கன்னு பிடிச்ச பிடியா நின்னா. சரின்னேன்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லையாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், நான் அவ்வளவு பேசினேனே, ஒரு தடவையாவது என் முகத்தில் அடித்தமாதிரி சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீ திட்டறப்போ எல்லாம் எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும்" என்றார். "இவனுக்கு இன்னும் தெரியலன்னு நினைச்சுக்குவேன்."

என் கையிலிருந்த ஸ்விட்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கருகின இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார், துடைத்தால் போய்விடும் என்பதுபோல. பிறகு அவர் உதடு கோணிக்கொண்டது.

"அவ என்கிட்ட கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்டா. அதையும் என்னால காப்பாத்த முடியலையே."

சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதார். நான் இறங்கி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.