தம்பியைக் கொடுத்துப் பவுலர் வாங்கிய கதை

1

இந்தக் கதைக்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கும் என் மகன். போன வாரம் காலையில் போன் பண்ணி, எழவு சொல்லும் குரலில், "அப்பா, எங்க டீம் மோசம் போயிடுச்சுப்பா" என்றான். அவன் உயிரை விட்டுப் பார்க்கும் பேஸ்பால் டீம், வளர்ந்து வரும் மூன்று பையன்களை இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே பேர் வாங்கிய ஒரு பந்து வீச்சாளரை வாங்கிவிட்டதாம். "நாளைக்குப் பெரிய ஆளா வரப்போற பசங்கப்பா! யாராவது குடுப்பாங்களா?"

"மாரண்டஹள்ளியில குடுத்திருக்காங்கடா, 1939லயே" என்றேன்.

அவன் நம்பவில்லை. அந்தக் கடுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: தை மாதத்து இளவெயில் ராகித் தாள்களின் மேல் பொன்னாக உருகி—

[அடித்தாயிற்று. மாரண்டஹள்ளி வெயில் உருகாது. சுடும்.]

இரண்டாம் முயற்சி: மனிதனை மனிதன் கைமாற்றலாமா என்கிற கேள்வி ஆதிகாலம் தொட்டே—

[ஐயோ சாமி, இதென்ன பள்ளிக்கூடக் கட்டுரையா?]

மூன்றாம் முயற்சி: குப்புராஜுக்கு ஒரு பவுலர் வேண்டும்.

அப்பாடா. இது போதும்.

3

குப்புராஜ் மாட்டு வியாபாரி. மாரண்டஹள்ளி கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். (கிரிக்கெட் அங்கே எப்படி வந்தது என்பீர்கள். தர்மபுரிப் பக்கம் அப்போது ஓடிய சின்ன ரயிலில் வந்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மட்டையோடு மாற்றலாகி வந்தார், மட்டையை மறந்துவிட்டு மாற்றலாகிப் போனார். வரலாறு அவ்வளவுதான்.) அதியமான்கோட்டை டீமிடம் மூன்று வருஷமாகத் தொடர்ந்து உதை. ஆடுவதோ ராஜப்பன் என்பவரின் தரிசு நிலத்தில். அவருக்கே வெட்கமாகிவிட்டது. "இந்த வருசமும் தோத்தீங்கன்னா ஏர் பூட்டிடுவேன். கொள்ளு வெதச்சா மாடாவது திங்கும்" என்று சொல்லிவிட்டார்.

குப்புராஜிடம் மட்டை பிடிக்க இரண்டு நல்ல பையன்கள் இருந்தார்கள். ஒருவன் சின்னக்கண்ணு. இன்னொருவன் அவருடைய சொந்தத் தம்பி காளியப்பன், வயது பத்தொன்பது. பந்து போடத்தான் நாதியில்லை. அதியமான்கோட்டையிலோ அர்ச்சுனன் இருந்தார். அவர் "ஏஏய்!" என்று கத்திக்கொண்டு பந்தை விட்டால் ஸ்டம்ப் பயந்தே விழுந்துவிடும் என்று பேச்சு.

4

அந்த டீமின் கேப்டன் மாரியப்பனும் மாட்டு ஆள்தான். ஆகவே பேரம் சந்தையில் நடந்தது, சந்தை முறைப்படியே நடந்தது. கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். வாய் திறக்கக் கூடாது. குப்புராஜ் ஒரு விரலைப் பிடித்தார்: ஒரு பையன். மாரியப்பன் இரண்டைப் பிடித்தார். குப்புராஜ் ஒன்றை இழுத்தார். மாரியப்பன் விடவில்லை. குப்புராஜுக்கு நிலம் கண்ணுக்குள் வந்தது, கொள்ளுச் செடியோடு. இரண்டுக்குத் தலையாட்டிவிட்டார்.

பிறகு உருப்படியைப் பார்த்தார்கள். மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வது. "அண்ணே, கொஞ்சம் வாயைத் தெறங்க." அர்ச்சுனன் திறந்தார். முப்பத்திரண்டும் வரிசையாக, துளி தேய்மானம் இல்லாமல் மின்னின. "முப்பது வயசு தாண்டலை" என்று குப்புராஜ் முடிவு கட்டினார். வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் பாக்கி. வயசென்ன என்று வாயால் ஒருவரும் கேட்கவில்லை. மாட்டிடம் யார் கேட்பார்கள்?

சந்தைச் சட்டமும் அப்படியே: எட்டு நாளைக்குள் உருப்படியில் குறை தெரிந்தால் திருப்பிவிட்டுக் கொடுத்ததை ஓட்டிக்கொண்டு வரலாம். எட்டாம் நாள்தான் மேட்ச்.

5

[எனக்குச் சின்னக்கண்ணு மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு விரலுக்காக வந்தானே தவிர, கதையில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. எனவே அதியமான்கோட்டைக்குப் போகிற வழியில் ரயிலில் தூங்கிவிட்டான். தர்மபுரியில் இறங்காமல் மொரப்பூர் போய்விட்டான். சுபம்.]

காளியப்பன் தூங்கவில்லை. ஸ்டேஷனில் அண்ணனிடம், "என்னைக் கன்னுக்குட்டி கணக்கா குடுத்துட்டீங்களே!" என்றான்.

"டேய், ஊருக்காகத்தான்டா..."

சந்தையில் மாட்டைக் கொடுப்பவர் அதன் தலைக்கயிற்றைத் தானே வைத்துக்கொள்வது வழக்கம். காளியப்பன் தன் தோள்துண்டை உருவி அண்ணன் கையில் திணித்தான். "கயிறு உங்களுக்குத்தானே? வெச்சுக்கங்க." ரயில் ஏறிப் போய்விட்டான். குப்புராஜ் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் துண்டை அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை.

6

எட்டு நாள். குப்புராஜ் வூட்டில் அர்ச்சுனன் மூன்று வேளையும் ராகிக்களி கேட்டு வாங்கி விழுங்கினார். குப்புராஜ் மாடு பிடிக்க "டேய் காளி!" என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் தானே போய்ப் பிடித்தார். சோறு இறங்கவில்லை.

அதியமான்கோட்டையில் காளியப்பனுக்கு மாரியப்பன் வூட்டில் சாப்பாடு. மாரியப்பனின் தங்கை குள்ளம்மாள் (பேர்தான் அப்படி, ஆள் நெட்டை) முதல் நாளே கேட்டுவிட்டாள்: "எங்க பவுலரைக் குடுத்து வாங்குன உருப்படி இதுதானா? எங்க, பல்லைக் காட்டுங்க பாக்கலாம்."

காட்டினார்.

[திடீரென்று என்ன மரியாதை என்கிறீர்களா? இருங்கள், வருகிறேன்.]

7

எட்டாம் நாள். கடைசி விக்கெட், கடைசிப் பந்து. அதியமான்கோட்டைக்கு வேண்டியது இரண்டு ரன். மட்டையோடு நிற்பது காளியப்பன். பந்தோடு நிற்பது அர்ச்சுனன். சின்னக்கண்ணு இன்னும் மொரப்பூரிலிருந்து வரவில்லை.

முடிவு அ: காளியப்பன் அடித்துவிடுகிறார். பவுலர் சொத்தை என்று திருப்பிவிடலாம், தம்பி வூட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் நிலத்தில் கொள்ளு.

முடிவு ஆ: காளியப்பன் அவுட். நிலம் தப்பிக்கும். பவுலரிடம் குறையில்லை, தம்பி அங்கேயே.

குப்புராஜ் எதை வேண்டிக்கொண்டார் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. இரண்டையுமே வேண்டியிருப்பார், பாவம்.

நடந்தது இது. அர்ச்சுனன் ஓடி வந்தார். "ஏஏய்!" என்று கத்தினார். ஒன்று சிவப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் இரண்டு பொருள் பறந்தன. காளியப்பன் வெள்ளையை ஓங்கி அடித்தார். சிவப்பு ஸ்டம்பைச் சாய்த்தது. எல்லாரும் ஸ்டம்பைப் பார்த்துக் கூத்தாட, வெள்ளை மட்டும் குப்புராஜின் காலடியில் வந்து விழுந்தது.

பல்செட். அர்ச்சுனனுக்கு ஐம்பத்தெட்டு வயசு. வேறு சீமையாக இருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பார், எங்கள் பக்கம் களியை யார் மெல்லுகிறார்கள்? இப்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று ஆளுக்கொரு பக்கம் அவரைத் தூக்கினார்கள்.

குப்புராஜ் குனிந்து பல்செட்டை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். அவுட் அவுட்தான், நிலம் கையில். பல்லைக் காட்டினால், வயசை மறைத்த உருப்படி என்று தம்பியும் கையில். நிமிர்ந்து தம்பியைத் தேடினார். தம்பி ஸ்டம்பையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. எல்லையில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்த குள்ளம்மாளைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு நாளைக்கு முந்தைய கோபம் அந்த முகத்தில் இல்லவே இல்லை.

குப்புராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். மாரியப்பன் வந்தார். "என்ன குப்புராஜு, இன்னியோட எட்டு நாள். உருப்படியில குறை ஏதாவது உண்டா?"

8

பதிலை நான் எழுதப்போவதில்லை. துண்டுக்கடியில் இருக்கும் கையைத் திறப்பதோ மூடியே வைப்பதோ உங்கள் இஷ்டம். திறந்தால் ஒரு அண்ணன் இன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவார். நானாக இருந்தால் திறக்கச் சொல்லியிருப்பேன், அவர் அவ்வளவு நல்ல மனுஷர்.

ஆனால் முடிவு செய்யுமுன் ஒன்று. காளியப்பன் என் அப்பா. குள்ளம்மாள் என் அம்மா. பெரியப்பா குப்புராஜ் செத்த பிறகு அவர் பெட்டியில் ஒரு பழைய துண்டு இருந்தது, அதற்குள் முன்பல் இரண்டு உடைந்த ஒரு பல்செட் இருந்தது. இந்தக் காகிதங்கள் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.