இரண்டு கோடு இடப்பக்கம்

அன்று காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா, கையில் வெண்ணெய்க் கத்தியோடு. எதிரே, காலை நீட்ட இடம் வேண்டுமென்று முதல் நாளே மூலை நாற்காலியைப் பிடித்துவிட்ட அத்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சமையலறை வாசலை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து ஓடத் தோதாக, மனைவி. நான்காவது ஆள் உட்காரவில்லை. தன் நாற்காலியின் பின்னால் நின்றார். அவர்தான் எடைமேடைக்காரர். அவருடைய தட்டு இருக்கவேண்டிய இடத்தில் குளியலறை எடை மெஷின் இருந்தது.

"கால வைக்கிற சாமானைக் கொண்டாந்து சோறு திங்கிற எடத்துல வைக்கிறியேடா" என்றாள் அக்கா.

"முள்ளைப் பாருக்கா."

"எந்த முள்ளை?"

"மேல ஒண்ணும் இல்லாதப்போ முள்ளு பூஜ்யத்துல நிக்கணும். நிக்குதா?"

அத்தான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முள், பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இரண்டு கோடு தள்ளி நின்றது. "ரெண்டு கிலோ கடன்ல நிக்குது மாப்ளே" என்றார்.

"தானா போய் நிக்கல. பக்கத்துல இருக்கிற சக்கரத்த விரலால திருகினாத்தான் நகரும். யார் திருகினது?"

அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். தடவிய இடத்திலேயே தடவினாள்.

எடைமேடைக்காரர் சரக்குக் கிடங்கின் வாசலில் இருபத்தேழு வருஷமாக லாரிகளை நிறுப்பவர். லாரி மேடையில் ஏறுமுன் வெறும் மேடை பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் கையசைப்பார். மேடைமேல் ஈ உட்கார்ந்திருந்தாலும் ஓட்டிவிட்டுத்தான் லாரியை ஏற்றுவார் என்று கிடங்கில் கேலி பேசுவார்கள். சரக்குக்கு அடியில் கல்லைப் போட்டு வந்தவன், மேடையின் ஓரத்தில் ஒரு காலை ஊன்றி நின்றவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டு மெஷினில் ஒருவர் கைவைத்தது, வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருந்தது அவருக்கு.

அதுவும் எந்த மெஷினில்? மேடைக்கும் சீட்டு எழுதும் மேலறைக்கும் இரும்புப் படியில் ஏறி இறங்கியே இடது முழங்கால் தேய்ந்து போயிற்று. அறுவை செய்யவேண்டும்; ஆனால் எழுபத்தெட்டு கிலோவுக்குள் இறங்கினால்தான் கத்தியை எடுப்போம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்றாறிலிருந்து இறங்கினார். பதினான்கு மாதம் அவித்த காய், அளந்த சோறு, விடிகாலை நடை. அடுத்த மாதம் தேதி. அதுவரை வாராவாரம் எடையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பவேண்டும். ஒரு வாரம் எழுபத்தெட்டைத் தாண்டினாலும் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். கடைசி என்றால் இன்னொரு வருஷம்.

இந்த நேரத்தில்தான் அத்தான் ஏரிக்கரையில் பத்து நாளைக்கு இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, வராவிட்டால் உறவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். எடைமேடைக்காரர் மெஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வந்த மறுநாள் காலை பூஜ்யம் பார்த்தார், சரியாக இருந்தது. ஏறினார், எழுபத்தேழரை. மூன்றாம் நாள் எழுபத்தெட்டு. நான்காம் நாளிலிருந்து, வீட்டு மெஷின்தானே என்று பூஜ்யம் பார்க்காமலே ஏறினார். எழுபத்தாறு. முந்தின நாள் பட்டினி கிடந்த பலன் என்று நினைத்து, அன்று பொரித்த மீன் இரண்டு துண்டு சாப்பிட்டார். மறுநாள் எழுபத்தாறரை, கேக் ஒரு துண்டு. நேற்று எழுபத்தேழு. நேற்று வாரக் கடிதத்தின் முறை. எழுபத்தேழு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தெருக்கோடிப் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தார்.

இன்று ஏறப்போன நேரத்தில் துண்டு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவரின் கண்ணில் வெறும் மெஷினின் முள் பட்டது.

"நேத்து எழுபத்தொம்போது நான்" என்றார். "எழுபத்தேழுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். இருபத்தேழு வருஷத்துல பொய் எடைக்கு ஒரு சீட்டு போட்டதில்ல. நீங்க போட வச்சிட்டீங்க. யாரு?"

"நான்தான்னு வச்சுக்கோயேன்" என்றார் அத்தான். "தூக்கில போடப் போறியா?"

"உங்களுக்குக் கணக்குப் புத்தகத்தத் திருப்பத்தான் தெரியும். திருகறதெல்லாம் வராது. சும்மா இருங்க அத்தான்."

"நான்தான் திருகினேன்" என்றாள் மனைவி.

அவள் எழுந்திருக்கவில்லை. அதுதான் அவரை முதலில் தைத்தது. வழக்கமாகக் கோபத்தின் வாசனை வந்தாலே அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.

"நீயா?"

"மூணாம் நாள் அந்த முள்ளு எழுபத்தெட்டத் தொட்டுச்சு. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. அண்ணனும் அண்ணியும் படகுக்குக் கிளம்பி நின்னாங்க. நீங்க வரலன்னீங்க, நானும் போகல. ரொட்டி சுட்ட வாசனை வருதுன்னு சன்னல வேற சாத்தச் சொன்னீங்க. பதினாலு மாசமா காலையில அந்த மெஷின் என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு அன்னைய பொழுது. உங்களுக்கு முழங்கால்தான் தேஞ்சுது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் ரெண்டு கோடு. பத்து நாள் சிரிச்ச மூஞ்சியா இருக்கட்டும், ஊருக்குப் போனதும் திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன். நேத்து கடிதாசு போற நாள்னு எனக்கு நெனப்பில்ல. அது என் தப்பு. மத்தது தப்பில்ல."

"தப்பில்லயா?" அவர் குரல் உயரவில்லை, மேடையில் லாரிக்காரர்களிடம் பேசும் அதே தட்டையான குரல். "லாரிக்காரன் கூட இத விடப் பரவால்ல. அவன் அவன் ஆதாயத்துக்கு ஏமாத்துறான். நீ என் நல்லதுக்குன்னு ஏமாத்துற. எங்கிட்ட மூஞ்சியச் சரி பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். சன்னல் சாத்துற சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "போனது போச்சு. எவ்வளவு தாண்டினே? ஒரு கிலோ. நாலு நாள் வாயைக் கட்டினா இறங்கிடும். அடுத்த வாரம் சரியான எடைய எழுதிப் போடு. யாருக்குடா தெரியப் போகுது?"

"உப்புப் பெறாத ஒரு கிலோ மாப்ளே" என்றார் அத்தான்.

எடைமேடைக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்குத் தெரியப் போகுது. இந்த வார்த்தையை மேடையில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறார். சொன்னவர்களையெல்லாம் சரக்கை இறக்கிவிட்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். சொந்த அக்காவும் அதையே சொன்னதில் காது மடல் சுட்டது. முழங்காலும் சேர்ந்து வலித்தது. இன்னொரு வருஷம் அந்த இரும்புப் படி.

மெஷினை எடுத்துத் தரையில் வைத்தார். தாளும் பேனாவும் கொண்டுவந்து, வெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். தேதி, பெயர், பதிவு எண். கீழே ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

'நேற்று நான் அனுப்பிய கடிதத்தில் எடை எழுபத்தேழு என்று இருக்கும். அது பிழை. சரியான எடை எழுபத்தொன்பது. எடை மெஷின் பூஜ்யத்துக்கு இரண்டு கிலோ கீழே திருப்பப்பட்டிருந்தது. திருப்பியது நானல்ல. ஆனால் ஏறுமுன் பூஜ்யம் பார்ப்பது என் வேலை. மூன்று நாள் பார்க்கவில்லை. விதிப்படி செய்யவேண்டியதைச் செய்யுங்கள்.'

கையெழுத்துப் போட்டார். அதன் அடியில், கிடங்குச் சீட்டில் போடுவது போல, ஒருவரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி ஒரு கோடு இழுத்தார்.

"இங்க குடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"திருப்பியது நானல்லன்னா, பின்ன பேயா திருப்புச்சு? குடுங்க."

கோட்டுக்குக் கீழே எழுதினாள். மூன்று வரி, அழுத்தி, பேனா முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு. அவர் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். அவள் இடது கையால் மறைத்தாள்.

"கோட்டுக்குக் கீழ எழுதினா செல்லாது" என்றார்.

"உங்க மேடையில செல்லாது. இது ஆஸ்பத்திரிக்குப் போறது."

"நீ என்ன எழுதியிருக்கேன்னு நான் பாக்கணும்."

"நான் என்ன திருகினேன்னு நீங்க மூணு நாள் பாத்தீங்களா? அப்படியே இதையும் பாக்காம அனுப்புங்க."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா மேசைக்கு அடியில் காலை மிதித்ததும் அடங்கினார்.

அவள் தாளை மூன்றாக மடித்து உறையில் நுழைத்து அவர் கையில் கொடுத்தாள். பிரித்துப் படிக்க அரை நிமிஷம் போதும். கோபம் இன்னும் அவர் நெஞ்சில் கல்லாகத்தான் கிடந்தது. உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினார். கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை அழுத்தினார், திரும்பவும் ஒருமுறை. முகவரி எழுதினார். தபால்தலையைச் சாயாமல் ஒட்டினார்.

"சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள் அக்கா.

"வந்து."

மனைவி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவர் நொண்டிய வேகத்துக்கு அவள் நடந்தாள். தெருக்கோடிப் பெட்டியின் வாய்க்குள் உறையை நுழைத்தார். அது பாதியில் சிக்கி நின்றது. அவள் உள்ளங்கையால் தட்டி உள்ளே தள்ளினாள்.