உச்சியில் ஐம்பது நிமிடங்கள்

மலையுச்சியில் நட்டிருந்த சிலுவையின் அடியில் உட்கார்ந்து, என் கணவன் கெப்ஹார்டின் காதுமடலில் வெயில் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

"மூக்குக்கும் போடு. போன வாரம் தோல் உரிஞ்சு, வகுப்புல பிள்ளைங்க சிரிச்சே கொன்னுடுச்சுங்க" என்றான்.

அவன் கணக்கு ஆசிரியர். அதே பள்ளியின் தலைமையாசிரியர் வின்ட்ஸென்ஸ்தான் எங்கள் மலைச்சங்கத்திலும் இருபது வருடமாக வழிநடத்துபவர். கீழே ஊரில் அவர் 'ஐயா'. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் எங்கள் டைரோல் மலைநாட்டில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

ஏப்ரல் மாதம், மேகமே இல்லாத வானம். ஏழு பேர் பனிச்சறுக்குப் பலகைகளோடு பத்தே காலுக்கு ஏறி முடித்தோம், கை குலுக்கினோம், பழச்சாராயக் குடுவையைச் சுற்றுக்கு விட்டோம். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். வசந்தத்தில் இரவு உறைந்து இறுகிய பனிதான் ஆளைத் தாங்கும். வெயில் ஏற ஏற அது கூழாகிவிடும். முந்தின இரவோ மேகம் மூடிக் குளிர் குறைந்திருந்ததால் பனி சரியாக இறுகவே இல்லை.

கெப்ஹார்ட் எழுந்து கைக்கோலை ஊன்றினான். அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

"வின்ட்ஸென்ஸ், மணி பத்தரை. ஏறி வந்த நிழல் பக்கமாவே இறங்கிடலாம்."

"அங்க ஒரே கரடுமுரடு, பல்லு ஆடிடும். இந்த வெயில் பக்கம் பாரு, வெண்ணெய் மாதிரி கிடக்கு."

"பாறைக்குக் கீழே பனி உருண்டை உருண்டையா உருளுது. சரியப்போற அடையாளம் அது, தெரியலயா உனக்கு?"

"மலை கோலி விளையாடுது. விளையாடட்டும், விடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடுவை இன்னொரு சுற்று வந்தது.

பதினொன்று ஐந்துக்கு வின்ட்ஸென்ஸ் எழுந்தார். "கணக்கு வாத்தியார் முதல்ல போகட்டும். தாங்குமா தாங்காதான்னு கூட்டிக் கழிச்சுச் சொல்லுவாரு."

கெப்ஹார்ட் என்னைப் பார்த்தான். மறுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்த மனிதரின் முன்னால் போய் நிற்க வேண்டும். மேலே அவரை 'நீ' என்று கூப்பிடலாம். 'நீ சொல்றது தப்பு' என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் சமத்துவத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அவன் சறுக்கி இறங்கி மூன்றாவது முறை வளைந்து திரும்பும்போது பாறைக்கடியில் பனி பிளந்து ஒரு கோடு விழுந்தது. ஈரப்பனி பாய்ந்து வராது. சிமெண்ட் குழம்பு மாதிரி, நிதானமாக, நிற்காமல் வரும். அதற்குள் அவன் கைகளை ஒருமுறை பார்த்தேன். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி நான்கே நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிட்டது. தோண்டத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. ஓட்டம் நின்றதும் அந்தப் பனி கல்லாகிவிடுகிறது. என் மண்வாரி வளைந்தே போனது.

அடக்கத்தன்று தலைமையாசிரியர் பேசினார்: "மலை அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டது." மலை யாரையும் கேட்கவில்லை. அனுப்பியவர் அவர்தான்.

விசாரணையில் அவரும் மற்ற நால்வரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: எச்சரிக்கை எதுவும் தென்படவில்லை. பனி உருண்டைகளைப் பற்றி நான் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை மூடினார். "துக்கத்துல இருக்கீங்கம்மா. அப்புறம் யோசிச்சா எல்லாமே எச்சரிக்கையாத்தான் தெரியும்."

அப்புறம் யோசித்ததாம்! அவன் அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

ரொட்டிக் கடையில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு அழகான நாள்ல இப்படி நடக்கும்னு யாரு நினைச்சா?"

"அவன் நினைச்சான்" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சங்கத்தின் அறிக்கையில் 'எதிர்பாராத விபத்து' என்று அச்சாகிவிட்டது. அடியில் ஐந்து கையெழுத்துகள்.

அவர் அவனை அனுப்பிய அந்த இறக்கம் கிழக்கு பார்த்தது. ஏப்ரலில் அதன்மேல் காலை ஏழு மணிக்கு முன்பே வெயில் விழுந்துவிடுகிறது.