நானூறு பேர் வகுப்பு

சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு கடிதங்கள் நான்கு நாளாகக் கிடந்தன. ஒன்று தடித்த, வழவழப்பான தாள். பெயர் சொல்லி அழைத்து, வாழ்த்துச் சொல்லி, கடைசியில் முதல்வரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். அது ஒரு சிறிய தனியார் கல்லூரியிலிருந்து வந்தது. மற்றது தொட்டாலே கிழிந்துவிடுகிற மாதிரித் தாள். அதில் பெயரே இல்லை, பதினோரு இலக்க விண்ணப்ப எண் மட்டும் இருந்தது. அது அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து. இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஏதாவது ஒன்றில் பெற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக் முதல் நாளே முடிவு செய்துவிட்டார்: தனியார் கல்லூரி. அவருடைய மகளும் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்: பல்கலைக்கழகம். அதனால் கடிதங்கள் மேசையை விட்டு நகரவில்லை. அவர் மனைவியையும் சேர்த்து மூன்று பேரும் தட்டுகளை ஓரமாக வைத்துச் சாப்பிட்டார்கள்.

மகளுக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். பிறந்தபோது கையளவு இருந்ததால் வந்த பெயர். இப்போது அப்பாவைவிட அரைச்சாண் உயரம், ஆனால் பெயர் வளர மறுத்துவிட்டது. பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள். அவளுக்குப் புள்ளியியல் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு துறையே இருந்தது. தனியார் கல்லூரியில் வணிகவியல் படிப்புக்குள் ஒரு தாளாக அது வரும், அவ்வளவுதான். அதை அவள் ஒருமுறை சொன்னாள், இரண்டாம் முறையும் அதே வார்த்தைகளில் சொன்னாள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மெக்கானிக்கின் வாதம் நீளமானது. சிறிய கல்லூரியில் வகுப்புக்கு முப்பதே பேர். ஆசிரியருக்கு எல்லார் பெயரும் தெரியும். பிள்ளை ஒருநாள் வராவிட்டால் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு ஃபோன் வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நானூறு பேரை ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். அங்கே ஆள் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. கல்லூரிக்குக் கட்டணம் மும்மடங்கு ஆகுமே என்று மனைவி எடுத்துச் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன் என்றார். முதுகுவலி என்று அவளைத் தைலம் தேய்க்கச் சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டே சொன்னார்.

அவர் மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. வலிக்கிற பல்லை விட்டுவிட்டு வேறு பல்லைக் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“நீங்க வேற எதையோ மனசுல வெச்சுக்கிட்டு இதைப் பேசறீங்க. அதைச் சொல்லுங்க, இல்லைன்னா கையெழுத்தைப் போடுங்க.”

அவர் சொல்லவில்லை. மனசில் இருந்தது உண்மைதான். பதினெட்டு வயதில் அவரும் அதே பல்கலைக்கழகத்தில், அதே கூடத்தில் உட்கார்ந்தவர். ஒரு வருடம்கூட முடிக்காமல் பாதியில் விட்டவர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் நிறுத்தினேன் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தார். அப்பா அப்போது குத்துக்கல்லாட்டம் இருந்தார். உண்மையில் இவர் நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார். அவர் வராததை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. பொடிசும் அப்படிப் போய்விடுவாளோ என்பதுதான் பயம். அதைச் சொன்னால் பழைய பொய்யையும் சேர்த்து அவிழ்க்க வேண்டும்.

புதன்கிழமை அவருக்கு வேலை அந்தத் தனியார் கல்லூரியிலேயே வந்தது. அங்கே லிஃப்டைப் பராமரிப்பது அவருடைய கம்பெனிதான், ஆனால் வழக்கமாகப் போகிறவர் வேறொருவர். அவர் விடுப்பில் இருந்ததால் இவர் போனார். இடத்தை நேரில் பார்த்து வந்து இன்னும் நாலு வார்த்தை பலமாகச் சொல்லலாம் என்று மனசுக்குள் குஷி.

ஐந்து மாடிக் கட்டடம். நடைபாதையெல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. காவலாளிகூட எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் மேலேறிக் கயிறுகளைப் பார்த்தார், அது ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டார், கீழே இறங்கிக் கதவின் சென்சாரைத் துடைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாகப் பொத்தான்களைச் சோதிக்க உள்ளே நின்றபோதுதான் அதைப் பார்த்தார்.

பொத்தான்களைப் படிப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆஸ்பத்திரி லிஃப்டில் பிரசவ வார்டு எந்த மாடி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்த எண் தேய்ந்து வெளிறிப்போயிருக்கும். அலுவலகக் கட்டடத்தில் கேன்டீன் இருக்கும் மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பில் கடன்காரன் வந்து போகும் மாடி, எல்லாம் விரல்கள் எழுதிவைத்த கணக்கு. இந்த லிஃப்டில் தரைத்தளம் தேய்ந்திருந்தது. அலுவலகம் இருந்த இரண்டாம் மாடி இன்னும் தேய்ந்திருந்தது. நான்காம் மாடிப் பொத்தானின் மேல், கம்பெனியிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, ஓரம்கூடக் கிளம்பவில்லை. லிஃப்ட் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது: நான்காம் மாடி, நூலகம்.

மெக்கானிக் பலகையை இன்னொரு தடவை படித்தார். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளைகூட நூலகத்துக்குப் போகவில்லையா? இதற்கா மும்மடங்குக் கட்டணம்? இதற்காகவா நான்கு நாளாகத் தொண்டை வறளப் பேசினோம் என்று அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. அந்த உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். உரித்துப் போட்டால் சங்கதி இந்தக் கூண்டோடு போய்விடும். பொடிசுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகவோ, பார்த்ததைப் பார்க்காததாகவோ அவர் இதுவரை ஒரு பராமரிப்புச் சீட்டிலும் எழுதியதில்லை. நகத்தை எடுத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் வாயே திறக்கவில்லை. ‘பல் வலியா?’ என்று மனைவி கேட்டாள். வியாழக்கிழமை மாலை, இதற்கு மேல் தாங்காது என்று மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி பொத்தான் கதையைச் சொன்னார். அவருடைய கட்சி தோற்றுவிட்டது என்பதையும் அவரே சொன்னார்.

பொடிசு முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“அப்பா, அந்த லிஃப்ட்ல பிள்ளைங்க ஏறக் கூடாது. ஆசிரியருங்களும் வெளியிலேருந்து வர்றவங்களும்தான் ஏறலாம். சுத்திப் பார்க்கப் போனப்பவே சொன்னாங்க. நான் படியேறித்தான் லைப்ரரிக்குப் போனேன். உட்கார இடம் இல்ல, நின்னுட்டு வந்தேன்.”

“நூலகர்னு ஒருத்தர் இருப்பாங்கல்ல? அவங்க அழுத்த மாட்டாங்களா?”

“அந்த அம்மாவுக்கு லிஃப்ட்னாலே பயமாம். படியிலதான் வருவாங்களாம். ஆசிரியருங்களுக்கு வேணும்கிற புத்தகத்தைப் பிள்ளைங்களே படியேறிப் போய் எடுத்துட்டு வந்துடுவாங்களாம்.”

மெக்கானிக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. முப்பது வருடமாக லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் கட்டடத்துக்குப் படி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அம்மாவும் மகளும் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரும் கடைசியில் சேர்ந்து சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் பொடிசு கடிதங்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அது நல்ல கல்லூரிதான், நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லையே என்றாள். தனக்கு வேண்டிய பாடம் அங்கே இல்லை, விஷயம் அத்தனைதான். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதிரா இருக்கிறதைக்கூட மறைக்காம வந்து சொல்லிட்டீங்க. மிச்சத்தையும் சொல்லுங்கப்பா. அங்க போனா எனக்கு என்ன ஆகும்னு பயப்படறீங்க?”

மனைவி குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இனித் தப்பிக்க வழியில்லை. மெக்கானிக் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போனார். பிறகு ஒரு வாரம் காய்ச்சல். திரும்பிப் போனபோது கரும்பலகையில் இருந்தது எதுவும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவனைக் கேட்க வெட்கம், அவ்வளவு பெரிய கூடத்தில் கையைத் தூக்கிக் கேட்கப் பயம். கடைசி வரிசைக்குப் போனார், பிறகு வாசல் படிக்கு, பிறகு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு. அதன்பின் மூன்று மாதம் காலையில் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மாட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டு மாலையில் வீட்டுக்குத் திரும்பினார். ஒருநாள் அங்கிருந்தவர் கயிற்றைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். இவர் பிடித்தார், அப்படியே தொழிலுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னது பொய். சொல்லி முடித்தபோது காது சிவந்திருந்தது.

மனைவி கை துடைத்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இருபத்திரண்டு வருடப் பொய்யைச் செரிக்க அவளுக்கும் நேரம் வேண்டுமே. பொடிசுதான் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த மூணு மாசமும் வீட்ல யாரும் கேக்கலையா?”

“என்னன்னு கேக்கறது?”

“இன்னைக்கு என்ன நடத்தினாங்கன்னு.”

அவர் யோசித்துப் பார்த்தார். அப்பா வேலையிலிருந்து வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அம்மாவுக்கு இவரையும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். கெட்டவர்கள் இல்லை, ஒருநாளும் அடித்ததில்லை. கேட்டதும் இல்லை. முப்பது வருடமாக அந்தக் கூடத்தின் மேல் மட்டுமே அவருக்கு ஆத்திரம் இருந்தது. வீட்டையும் அதில் சேர்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இப்போதுதான் தோன்றியது.

“இல்ல. யாரும் கேக்கல,” என்றார்.

“நீங்க கேப்பீங்கல்ல?”

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, மெல்லிய தாளில், கிழிந்துவிடாமல் இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பல்கலைக்கழகம் திறந்த நாளிலிருந்து அவர் கேட்டார். பொடிசு வந்து, கைகால் கழுவி, உட்கார்ந்ததும் கேட்பார். எங்காவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு அவர் வரத் தாமதமானால் ஃபோனில் கேட்பார். அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சராசரி என்பது சில நேரம் ஆளை ஏமாற்றும் என்று கற்றுக்கொண்டு கம்பெனியில் இரண்டு பேரிடம் சொல்லியும் காட்டிவிட்டார். நான்தான் பாத்திரம் துலக்கிக்கொண்டே பட்டம் வாங்கப் போகிறேன் என்று மனைவி கேலி செய்தாள். பழைய பொய்யைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை, தைலத்தை மட்டும் கொஞ்ச நாள் அவரே தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பொடிசு வழக்கமான நேரத்துக்கு வந்தாள், கைகால் கழுவினாள், உட்கார்ந்தாள். மெக்கானிக் செய்தித்தாளை விரித்து ஒரு கதவுச் சுவிட்சைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“இன்னைக்கு என்ன நடத்தினாங்க?”

ஒரு திருகைத் துடைத்து வைத்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு நான் போகலப்பா. நேத்தும் போகல. நேத்து நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். பஸ் ஸ்டாப்லயே உட்கார்ந்திருந்தேன்.”

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மெக்கானிக்குச் சட்டென்று கோபம் நாக்கு நுனிவரை வந்தது. அன்றே சொன்னேனே என்கிற வார்த்தையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினார். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நாமும் முதல் நாள் பொய்தான் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாம் நாளும் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் தினமும் கேட்டிருந்தால் அந்தப் பொய் தாங்கியிருக்காது.

சுவிட்சையும் திருகுகளையும் செய்தித்தாளோடு ஓரமாக நகர்த்தி வைத்தார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எந்த இடத்துலேருந்து புரியல?”

“உங்களுக்குத் தெரியாதேப்பா.”

“எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ சொல்லு, நான் கேக்கறேன். நாளைக்குக் காலையில அந்த வாத்தியாரை எங்க போய்ப் பிடிக்கறதுன்னு அப்புறம் பார்ப்போம்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் புரட்டி, நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.