முகம் உண்டா

முன்னறைக் கட்டிலை இரண்டு பேர் தூக்கி வாசல்படியைத் தாண்டும்போதுதான் லீலாபாய் எழுந்தாள். காலையிலிருந்து சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தவள்.

"அத எங்க கொண்டு போறிய?"

கட்டிலின் தலைமாட்டைப் பிடித்திருந்த ராஜப்பன் நின்றான். பனச்சமூடு சந்திப்பில் டெலிபோன் பூத் வைத்திருப்பவன், பக்கத்து வீடு. "பெட்டி வைக்க எடம் வேண்டாமா அக்கா? ரெண்டு ஸ்டூல் போட்டு..."

"கட்டில் அங்ஙனயே கெடக்கட்டு."

ராஜப்பன் மற்றவனைப் பார்த்தான். கட்டில் மறுபடியும் உள்ளே போயிற்று. ஆணியடித்த சவப்பெட்டிதான் வரப்போகிறது என்று முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

காலை ஒன்பதரைக்கு ராஜப்பனின் பூத்துக்கு அந்த போன் வந்தது. பேசியவர் முன்பின் தெரியாத யாரோ ஒரு லாரி டிரைவர். லைன் விட்டு விட்டு வந்தது. ஞானசிகாமணி, கயத்தாறு, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், லாரி, டிரைவர் போயிட்டாரு. ராஜப்பனுக்குக் கேட்டது இவ்வளவுதான். திருப்பிக் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. பூத்தைப் பூட்டிவிட்டு ஓடிவந்த வழியிலேயே அந்த வார்த்தைகள் அவன் மனதில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. ஞானசிகாமணி அண்ணனின் லாரி பிள்ளைகள் நின்ற பஸ் ஸ்டாப்பில் ஏறிவிட்டது. அண்ணன் செத்துவிட்டார்.

லீலாபாயின் கணவர் ஞானசிகாமணி நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் வந்துகொண்டிருந்தார். இருபத்துமூன்று வருடம் வண்டி ஓட்டியவர். அவருடைய தம்பி தங்கப்பன் பத்து மணிக்கு ஜீப் பிடித்துக் கயத்தாறுக்குப் போனான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

லீலாபாய் அழவில்லை. வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அவள் அழாததைப் பார்த்து மெல்ல விலகி உட்கார்ந்தார்கள். மகள் ஜிஷா மட்டும் அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறவள். அழுது அழுது அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது.

முற்றத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பிள்ளைகள இடிச்சா பின்ன சும்மா விடுவாவளா? டிரைவர் ஓடலேன்னா அங்ஙனயே அடிச்சுக் கொன்னிருவாவ."

"இவரு ஓடுத ஆளு இல்ல."

லீலாபாய்க்கும் அது தெரியும். ஓடமாட்டார். இறங்கிப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கத்தான் பார்ப்பார். அதற்குமேல் நினைக்க முடியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

அவளுடைய மூத்த அண்ணனும் டிரைவர்தான். எழுபத்துநான்கில் மராட்டியப் பக்கம் ஒரு மலைப்பாதையில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். ஆணியடித்த பெட்டியில் வந்தான். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அவனுடைய கூட்டாளி ஞானசிகாமணி. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அம்மா பெட்டியின் மூடியை நகத்தால் பிறாண்டியபோது அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அம்மா சாகும்வரை பதினோரு வருடம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

"மக்கா, உள்ள கெடந்தது அவன்தானா?"

"அவன்தான் அம்மா."

மருமகனான பிறகும் அதே கேள்வி, அதே பதில். உள்ளே என்ன இருந்தது என்று லீலாபாய் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அவளுக்கு அந்த மூடி ஞாபகம் வரும். அவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, இந்தக் கட்டிலில் குறட்டை விடத் தொடங்கிய பிறகுதான் போகும். பிறகு அடுத்த லோடு வரும்.

இரண்டு மணிவாக்கில் முன்பின் தெரியாத ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நேராக லீலாபாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரு ரோசம்மா. ஒற்றசேகரமங்கலத்துல இருந்து வாறேன். வெள்ளறட சந்தையில சொல்லக் கேட்டேன். ஒங்களுக்கு என்னைத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

லீலாபாய் அவளைப் பார்த்தாள்.

"எனக்க மக சினி பெங்களூர்ல நர்ஸிங் படிச்சா. தொண்ணூத்தொண்ணுல அங்க கலவரம் வந்துதுல்லா, தமிழ் பேசுதவங்கள தேடித்தேடி அடிச்சாவளே, அப்ப. ஹாஸ்டல பூட்டிட்டாவ. பிள்ளை பஸ் ஸ்டாண்டுல ஒத்தைக்கு நிக்குது. ஒங்க வீட்டுக்காரரு கண்டு, பேச்சக் கேட்டு, நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு வண்டியில ஏத்தியிருக்காரு. வழியில மூணு எடத்துல ஆளுக மறிச்சாவளாம். மூணு எடத்துலயும் 'என்றெ மோளாணு', எனக்க மகளாக்கும்னு மலையாளத்துல சொல்லியிருக்காரு. நீ வாயத் தொறக்காத மக்களேன்னு இவகிட்ட சொல்லிட்டாராம்." ரோசம்மா மூக்கைத் துடைத்தாள். "வீட்டு வாசல்ல கொண்டு விட்டாரு. சாயா போடட்டான்னு கேட்டேன். நேரமாச்சின்னு போய்ட்டாரு. இப்ப அவ மஸ்கட்டுல இருக்கா."

"எங்கிட்ட சொல்லல," என்றாள் லீலாபாய். கட்டிலைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான். "அந்தத் தடவ ஒரு நாள் பிந்தி வந்தாரு. பஞ்சருன்னு சொன்னாரு."

"நீங்க பயப்படுவியன்னு இருக்கும்."

லீலாபாய் ரோசம்மாவின் பக்கம் சாய்ந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அங்க அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சின்னு தெரியல."

ரோசம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு விடவே இல்லை.

நாலரைக்கு வேன் வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். வேன் நிற்பதற்கு முன்பே தங்கப்பன் குதித்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் சோமன் இறங்கினார். அதே முதலாளியின் இன்னொரு லாரியை ஓட்டுபவர், ஞானசிகாமணியின் கூட்டாளி. லீலாபாய் ஜிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வேனின் அருகே போனாள்.

"பிள்ளைக?"

"எந்தப் பிள்ளைக மைனி?"

"பஸ் ஸ்டாப்புல நின்ன பிள்ளைக."

தங்கப்பன் விழித்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. "ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல மைனி. யாருக்கும் ஒண்ணும் இல்ல. வண்டி எங்கயும் இடிக்கல."

அவள் வேனின் கதவைப் பார்த்தாள்.

"முகம் உண்டா?"

"உண்டு மைனி." தங்கப்பன் கதவின் பிடியைப் பற்றினான். "எல்லாம் உண்டு. ஒரு கீறல் இல்ல. நெஞ்சுவலியாக்கும்."

சோமன் முன்னால் வந்தார். "நான் அரைமணிக்கூறு பொறத்தால வந்துட்டிருந்தேன். பாத்தா வண்டி ரோட்ட விட்டு எறங்கி ஒரு வேப்பமரத்துக்குக் கீழ நிக்குது. இண்டிகேட்டர் மின்னிட்டே கெடக்கு. டயருக்குக் கல்லு வச்சிருக்காரு. அங்ஙன கொஞ்சம் எறக்கம் பாத்துக்கிடுங்க, கீழதான் பஸ் ஸ்டாப்பு. வலி வந்த பொறவு எறங்கிக் கல்லு வச்சிட்டு, திரும்ப ஏறி சீட்டுல படுத்திருக்காரு. பஸ்ஸுக்கு நின்ன பிள்ளைகதான் கண்டு டீக்கடையில போய்ச் சொல்லியிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப உயிரு இல்ல." அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். "வெங்காய மூடையில ஒண்ணுகூட சரியல."

முற்றம் முழுவதும் மூச்சுவிட்டதுபோல ஒரு சலசலப்பு எழுந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் திரும்பிச் சொன்னார்கள், வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் சொன்னார்கள். இடிக்கல. நெஞ்சுவலி. பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்ல.

ராஜப்பன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். "நான் தப்பா கேட்டுட்டேன் அக்கா."

"நீ கேட்டதத்தான சொன்ன," என்றாள் லீலாபாய். பிறகு வேனின் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். ஜிஷா அவளைக் கட்டிக்கொண்டாள்.

அவரைக் கட்டிலிலேயே கிடத்தினார்கள். ஆண்கள் குளிப்பாட்டிப் புது வேட்டி உடுத்திவிட்டு வெளியே போனதும் லீலாபாய் தலைமாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். நெற்றியைத் தொட்டாள். காதுகளைத் தொட்டாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த இடம் அப்படியே இருந்தது. கால்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப முகத்துக்கு வந்தபோது தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்கிறவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். நின்று நிதானமாகச் செய்யக்கூடாதா என்று அவளும் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"கீறல் இல்லன்னு சொன்னானே," என்றாள்.

அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனதைக் கண்ட பெண்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அடக்கம். போதகர் தமிழில் ஜெபித்தார். பாட்டு தமிழிலும் வந்தது, மலையாளத்திலும் வந்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ டிரைவர்கள் வந்திருந்தார்கள். காக்கிச் சட்டையோடு, தோளில் துண்டோடு, வண்டிகளைப் பாதையோரமாக நிறுத்திவிட்டு வந்து மண் போட்டார்கள். வந்தவர்கள் எந்த ரோட்டில் இடித்தது என்றுதான் முதலில் கேட்டார்கள். லீலாபாய் ஒவ்வொருவருக்கும் தானே பதில் சொன்னாள். வண்டிய ஒதுக்கி நிறுத்திட்டுத்தான் போனாரு என்றாள். எத்தனை முறை கேட்டாலும் சொன்னாள்.

மூன்று மணிக்கு முற்றம் காலியாயிற்று. வாடகைக்கு நாற்காலி கொடுத்தவர் கைவண்டியோடு வந்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினார். ஜிஷா ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தாள். லீலாபாய் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, முற்றத்தில் விரித்தபடி மிஞ்சியிருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து குடித்தாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயறு இன்னும் உண்டா மக்கா?"

"உண்டு அம்மா."

"கொஞ்சம் கொண்டுவா. ஒரு பப்படமும் சுடு."

நாற்காலிக்காரர் மற்றவற்றை அடுக்கி முடித்துவிட்டு, அந்த ஒன்றை எடுக்கத் திரும்பினார். அவள் சாப்பிடுவதைக் கண்டதும் அங்கேயே நின்றார். பிறகு வேலிப்பக்கம் போய், ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஒரு பீடியைப் பற்றவைத்தார்.