பொம்மைக்குத் தைத்த ஜாக்கெட்

உம்மே ஹானி தைத்த ஜாக்கெட் மீர்சாகிப்பேட்டையில் யாருக்கும் பொருந்தாமல் போனதில்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பொருந்தாமல் போனது ஒரே ஒரு பொம்மைக்கு. அந்தப் பொம்மை நின்றது பரீட்சை ஹாலில் என்பதுதான் கஷ்டம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் ஃபேஷன் டிசைன் டிப்ளமோவின் செய்முறைத் தேர்வு அது. மற்ற பேப்பரையெல்லாம் முட்டி மோதித் தாண்டிவிட்டாள். சாயம் கண்டுபிடித்த வரலாறு, நூலின் பதினெட்டு குணங்கள் என்று தின்று தின்று கக்கியதில் அவளுக்குப் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்திருந்தது. தையல் வரட்டும், அப்போது பாருங்கள் என்று காத்திருந்தாள். தையலும் வந்தது. அதில்தான் கவிழ்ந்தாள்.

அவள் தையல் கற்றது எந்த மாடியிலும் இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலேயே அம்மா அஃப்சருன்னிசாவின் பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்து, துண்டுகளை நியூஸ்பேப்பரில் வைத்து வரைந்து, போனில் வீடியோ பார்த்து, நல்ல துணி நாலைப் பாழாக்கி வாய் நிறையத் திட்டு வாங்கிக் கற்றாள். தெருப் பெண்கள் அளவு ஜாக்கெட்டோடு வர ஆரம்பித்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. யாருக்கும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இல்லை. குடமும் பிள்ளையும் கைப்பையும் சுமந்த தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். பெரும்பாலும் அது வலது தோள். அன்றிலிருந்து வலது பக்கத்தை அரை விரல் இறக்கி வெட்டுவாள். இழுக்காமல், சுருங்காமல் உட்காரும். இதை எந்தப் பாடத்திலும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

பரீட்சையிலும் கை தன் பாட்டுக்கு வலது பக்கத்தை அரை விரல் இறக்கிவிட்டது. பொம்மை குடம் சுமக்குமா, பிள்ளை தூக்குமா? அதற்குத் தோள் இரண்டும் தராசுத் தட்டு மாதிரி நேராக இருந்தன. ஜாக்கெட்டை மாட்டியதும் கழுத்திலிருந்து கைக்குழி வரை ஒரு சுருக்கம் விழுந்தது. தேர்வு நடத்த வந்த ஷீலா மேடம் அந்தச் சுருக்கத்தை விரலால் நீவிப் பார்த்தார். ஹானி விடவில்லை. உயிருள்ள உடம்பு எப்படி இருக்கும், தான் ஏன் அப்படி வெட்டினாள் என்றெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னாள். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு உன் கஸ்டமர் இந்தப் பொம்மைதாம்மா. நீ இதைப் பார்க்கவே இல்லையே" என்றார். ஃபெயில் போட்டுவிட்டார். அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பரீட்சையில் கேட்பது ஏட்டுச் சுரைக்காயைத்தானே! வீடு வரும் வழியெல்லாம் ஹானி அந்த மாடியையும் பொம்மையையும் சேர்த்துச் சபித்தாள். அவள் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் அத்தா ஷரஃபுதீன் தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் லைனிங் துணிக்கடை வைத்திருந்தார். டிப்ளமோ பாஸானால் கடையில் பாதி அவளுக்கு; அங்கே மெஷின் போட்டு உட்காரலாம் என்பது பேச்சு. அந்தப் பாதிக் கடைக்காகத்தான் பிடிக்காத படிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். ரிசல்ட்டைக் கேட்ட அத்தா திட்டவில்லை. சர்டிபிகேட் வரட்டும், சுவரில் மாட்டுவோம், பிறகு மெஷினைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அந்த வாரத்தில்தான் தேவானை வந்தாள். நொச்சிக்குப்பத்து மீன்காரி, ஹானியிடம் வாடிக்கையாகத் தைப்பவள். புதுத் துணியைக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்.

"நல்லாத்தான் தெக்கிற கண்ணு. இந்த வலது பக்கம் மட்டும் ஒரு மாதிரி இழுத்துக்கினே கீது. நானும் உடம்புதான் கோணலோன்னு வுட்டுட்டேன்."

ஹானி அவளை நிறுத்தி, திருப்பி, முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். தேவானை காலமெல்லாம் கூடையைத் தலையில் சுமந்தவள். தோள் இரண்டும் அந்தப் பொம்மையைப் போலவே நேராக இருந்தன. இத்தனை நாள் அந்த மனுஷி இழுக்கிற ஜாக்கெட்டோடு மீன் விற்றிருக்கிறாள், பழியைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டு. ஹானிக்கு முகம் சுட்டது. அந்த மாடிக்காரர்கள் எல்லா உடம்புக்கும் ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வாய் கிழியப் பேசினவள், தானும் அரை விரல் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வெட்டியிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? தேவானையின் பழைய ஜாக்கெட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி, பிரித்துச் சரிசெய்து கொடுத்தாள்.

வெட்கம் ஆறியபோது ஒரு தீர்மானம் மிஞ்சியது. இந்தத் தப்பைக் காட்டியது மாடியில் நின்ற பொம்மை மட்டுமில்லை, வாசலுக்கு வந்த தேவானையும்தான். இன்னும் நாலு உடம்பைப் பார்த்தால் இன்னும் நாலு தப்பு தெரியும். அதற்குக் கடை வேண்டும், இப்போதே வேண்டும். மறுநாள் காலை மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே தி. நகரில் போய் இறங்கினாள்.

ஷரஃபுதீன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சந்தில் போவோர் பார்க்கிறார்களே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். அவள் மெஷினைக் கடைக்குள் தள்ளி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பரீட்சைய திரும்ப எழுதத்தான் போறேன் அத்தா. அந்தப் பொம்மைக்குப் பொம்மை மாதிரியே தெச்சுக் குடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் கையக் கட்டிக்கினு குந்த மாட்டேன்."

"யாருனா பொண்ணு இன்னா படிச்சிருக்குன்னு கேட்டா?"

"ஃபெயிலுன்னு சொல்லுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு அவர் முகம் சுருங்கியதை அவள் கவனித்தாள். படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் போதாதா என்று கெஞ்சுகிறாற்போல் கேட்டார். போதாது என்றாள். பொய் சொல்லி வாங்குகிற துணியில் கத்தரி வைக்கத் தனக்குக் கை வராது என்றாள். அவர் திரும்பிக் கல்லாவுக்குப் போனார்.

மத்தியானம் கே.கே. நகரிலிருந்து ஜோதிலட்சுமி வந்தாள், வெகுநாள் வாடிக்கை. மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தான் கட்டப்போகும் பட்டின் ஜாக்கெட்டுக்கு லைனிங் கேட்டாள். மெஷினையும் ஹானியையும் பார்த்துவிட்டு, பொண்ணா தைக்கப்போகிறது என்று விசாரித்தாள். பட்டுத் துணியைப் பையிலிருந்து பாதி எடுத்தவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"பொண்ணு முறையா படிச்சிருக்கா பாய்? பட்டாச்சே. ஒரு தடவ கத்தரி வெச்சா அவ்ளோதான்."

ஹானி பதில் சொல்ல எழுந்தாள். ஷரஃபுதீன் அவளைக் கையமர்த்தினார். அவர் கண் லைனிங் துணியின் மேலேயே இருந்தது.

"டிப்ளமோ எழுதுனா. ஃபெயிலாயிட்டாம்மா. திரும்ப எழுதுவா."

ஜோதிலட்சுமியின் கை பட்டை மறுபடி பைக்குள் தள்ளியது. அவர் துணியை மடித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"நானும் பத்தாவது ஃபெயிலுதாம்மா. பாஸுன்னு சொல்லித்தான் இவங்கம்மாவையே கட்டுனேன். இன்னிக்கு வரைக்கும் வூட்ல தெரியாது. நீங்களே சொல்லுங்க, நான் குடுத்த லைனிங் எதுனா ஒண்ணு சாயம் போயிருக்கா?"

ஹானி தன் அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜோதிலட்சுமி அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு பட்டை முழுவதும் வெளியே எடுத்து மெஷின் மேல் வைத்தாள். ஹானி டேப்பை எடுத்துக்கொண்டு, அவளை வாசல் வெளிச்சத்தில் வந்து நிற்கச் சொன்னாள்.