எண்பத்து மூன்று அங்குலம்

லிஃப்ட் வழக்கு ஒத்திவைக்கப்படும்போதெல்லாம் நீதிமன்றக் கட்டடம் சரியாக ஒரு அங்குலம் தரைக்குள் இறங்கியது. சுவரில் விரிசல் இல்லை. மேஜை மேலிருந்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, வாசல் நிலையில் டவாலியின் தலை இடித்த பிறகுதான் அலுவலகம் விழித்துக்கொண்டது. கட்டடம் இறங்கவில்லை, தெருதான் ஏறியிருக்கிறது என்று பராமரிப்புத் துறை பதில் எழுதியது. வழக்குப் போட்ட தையற்காரி மட்டும் முதல் வாய்தாவிலிருந்தே கணக்காக அளந்து வந்தாள். வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்காமல், கழுத்தில் கிடந்த டேப்பை ஜன்னலில் வைத்துப் பார்த்ததில் தொடங்கிய பழக்கம் அது. அறுபது அங்குலத்தில் டேப் முடிந்தபோது இன்னொன்றை ஒட்டித் தைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவன். ஓர் ஆகஸ்டு மாதம் லிஃப்ட் அறுந்து விழுந்து மூன்று பேர் செத்தார்கள், அவனும் ஒருவன். லிஃப்ட் நல்ல நிலையில் இருந்தது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியவன் ஓட்டுநரே என்று, மாதாமாதம் லிஃப்டைச் சோதித்துச் சான்று தர வேண்டிய ஆய்வாளர் அறிக்கை கொடுத்தார். செத்தவன் வாய் திறக்க மாட்டான் என்ற தைரியம். புருஷன் போன துக்கத்தைவிட, இரண்டு பேரைக் கொன்றவன் என்று அறிக்கையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததுதான் அவளைத் தின்றது. அதை அழிக்க, பொய் அறிக்கை என்று ஆய்வாளர் மேலேயே குற்ற வழக்குப் போட்டாள். ஆய்வாளரின் வக்கீல் வாய்தா வாங்கியே ஒன்பது வருடம் ஓட்டினார்; அதற்காக அவருடைய பெரியப்பா மட்டும் மூன்று முறை காலமானார். நீதிபதிகள் ஆறு பேர் மாறினார்கள். வாசல் மண்ணுக்குள் போனது. மாடி பால்கனிக்கு நான்கு படி கட்டி, அதன் வழியாக உள்ளே வந்து, மறுபடி கீழே இறங்கி விசாரணைக்குப் போக எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

எண்பத்து மூன்றாவது வாய்தா அன்று, கீழ்த்தளப் பதிவறையில் ஈரம் ஏறிக் கோப்புகள் ஒட்டிக்கொண்டன. குமாஸ்தா தனி ஆளாகத் திண்டாடுவதைப் பார்த்துத் தையற்காரி பால்கனியில் கயிறு கட்டி, தன் குண்டூசிகளால் தாள்களைக் குத்திக் காயப்போட்டாள். தன் வழக்குக் கட்டு வந்தது. ஆய்வுச் சான்றிதழ்கள், மாதத்துக்கு ஒன்று. ஆகஸ்டுக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த தாளைப் பிரித்தவள் அதைக் குமாஸ்தாவிடம் நீட்டினாள்.

“அண்ணே, லிஃப்ட் விழுந்தது ஆகஸ்டுல. செப்டம்பர்ல நல்லா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே?”

குமாஸ்தா மிச்சத்தையும் பிரித்தார். “டிசம்பர் வரைக்கும் ஓடியிருக்கும்மா.”

பன்னிரண்டு தாளும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே புத்தகமாக வந்திருந்தன. அலுவலக ஒழுங்கின்படி புத்தகத்தை முழுசாகவே கோப்பில் சேர்த்திருந்தார்கள். ஆறு நீதிபதிகளும் இரண்டு வக்கீல்களும் ஆகஸ்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த முறை, ஏழாவதாக வந்த நீதிபதி அம்மா அந்தத் தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பினார். வக்கீல் வாய்தாவுக்கு எழுந்தார். “உங்க பெரியப்பா போதும், உட்காருங்க” என்றார் நீதிபதி. பிறகு கூண்டைப் பார்த்தார். “டிசம்பர்ல எந்த லிஃப்டைப் பாத்தீங்க?”

ஆய்வாளரின் கண் ஜன்னலுக்குப் போனது. ஜன்னலின் உச்சியில் மிஞ்சியிருந்த ஒரு அங்குல வெளிச்சம், அவர் பேசாத ஒவ்வொரு நிமிடமும் கண்ணெதிரே குறைந்தது. நூல் கனத்துக்கு வந்தபோது கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தார்.

“எதையும் பாக்கலைங்க. பன்னெண்டையும் ஜனவரியிலேயே உக்காந்த இடத்துல போட்டுட்டேன். அந்த ஆள் மேல தப்பில்லைங்க.”

கட்டடம் நின்றது. ஆய்வாளருக்கு ஏழு வருடச் சிறை. லிஃப்ட் ஓட்டியவனின் பெயருக்குப் பக்கத்திலிருந்த வரியை நீதிபதி எல்லோர் முன்னிலையிலும் தன் கையாலேயே அடித்தார். தையற்காரி ஒன்பது வருடமாக அடக்கிவைத்ததை அங்கேயே அழுது தீர்த்தாள். டவாலி அதட்டவில்லை.

கட்டடம் திரும்ப மேலே வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பால்கனிதான் இப்போது வாசல், முகவரிப் பலகையும் அங்கேதான். வாய்தா கேட்க எழும் வக்கீல்கள் முதலில் ஜன்னலைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். தையற்காரி தீர்ப்பு வந்த அன்று சாயங்காலமே டேப்பின் ஒட்டுத்தையலைப் பிரித்துவிட்டு, காத்திருந்த ஒருத்திக்கு ரவிக்கை அளவு எடுத்தாள். அதற்கு அறுபது அங்குலமே தாராளம்.